தஞ்சை நகரின் இசைவாணர்கள்

தஞ்சாவூரில் இசை வளர்ந்தது என்பதை அறியாத மாணவர் எவரும் இலர். வளர்த்தவர் யாவர் என்று வினவினால் மட்டும் விடை சுருங்கிவிடுகிறது. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்பில் இவ்வினாவை எழுப்பிய போதெல்லாம் தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் என்னும் மூன்று பெயர்கள் உடனே வரும். அதற்கு மேல் வகுப்பு அமைதியாகிவிடும். அம்மூவருள்ளும் தியாகராஜர் வாழ்ந்தது திருவையாற்றில். தீட்சிதர் திருவாரூரில் பிறந்து பல தலங்களுக்கும் சென்று பாடியவர்; தஞ்சையில் சில காலமே தங்கினார். தஞ்சை நகரத்தையே தம் நிலையான இருப்பிடமாகக் கொண்டவர் சியாமா சாஸ்திரிகள் ஒருவரே. அங்ஙனமாயின், ஆயிரம் ஆண்டுகளாக இந்நகரத்துத் தெருக்களில் குடியிருந்து, பாடியும் ஆடியும் குழல் ஊதியும் முழவு கொட்டியும் வாழ்ந்த மற்றையோர் யாவர்? அவர்களைத் தேடிக் காண்பதற்கு வழியுண்டா? இதனையே இன்றைய பேச்சுக்கு உரிய பொருளாகக் கொள்கின்றேன்.

வழியுண்டு. முதற்சான்று பெரிய கோயிலின் சுவரிலேயே இருக்கின்றது. முதலாம் இராசராசன் கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்டவன். அவன் எடுத்த இராசராசேச்சரம் 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அதன் திருச்சுற்றின் புறச்சுவரில் அம்மன்னனுடைய 29-ஆம் ஆட்சியாண்டு வரையிலான ஏற்பாட்டைக் கூறும் நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹூல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதனைப் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். அதுவரை கோயிலை வலம் வந்தோர் அதனருகே நடந்து சென்றார்களேயன்றி, அதில் எழுதப்பட்டிருப்பது ஓர் ஊரின் இசைக்குடிகளின் முகவரிப் பட்டியல் என்பதை அறிந்திலர்.

முகவரிப் பட்டியல் என்று நான் கூறியது உவமையன்று. சோழநாட்டின் பல தளிகளிலிருந்து, திருவாரூர், பழையாறை போன்ற ஊர்களிலிருந்து, 400 ஆடல் மகளிரை அழைத்து வந்து, பெரிய கோயிலைச் சூழ்ந்த தளிச்சேரிகளில் மன்னன் குடியேற்றினான். தளி என்பது கோயில். தளிச்சேரி என்பது கோயிலைச் சார்ந்தோர் வாழும் தெரு. கல்வெட்டில் தெருவின் பெயர் முதலில் வருகின்றது. அத்தெருவின் தென்சிறகா வடசிறகா என்பது அடுத்து வருகின்றது. தெருவின் இரு பக்க வரிசைகளையும் சிறகு என்று அக்காலத்தார் வழங்கினர் என்பது எத்துணை அழகிய செய்தி! பின்னர் அச்சிறகில் தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று வீட்டின் எண் வருகின்றது. அதன் பின்னரே அவ்வீட்டில் வாழ்ந்தவளின் பெயரும் அவள் முன்பு இருந்த கோயிலின் பெயரும் வருகின்றன. பெயர்கள் எல்லாம் 'நக்கன்' என்னும் அடைமொழியோடு தொடங்குகின்றன. ஒருவர் விடாமல் 400 பெயர்களும் இவ்வாறே கல்லில் ஏறியுள்ளன.

ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. ஒரு பங்காவது ஆண்டுக்கு 100 கலம் நெல். இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒத்த ஆடவல்லான் என்னும் மரக்காலால் அதனை அளக்க வேண்டும் என்பதையும் கல்வெட்டு மறவாமல் கூறுகின்றது. ஆடல் மகளிர்க்கு மட்டும் ஆண்டொன்றுக்கு 40,000 கலம் நெல் ஆகின்றது என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம். அவர்களோடு நட்டுவம் செய்வார், கானம் பாடுவார், வங்கியம் ஊதுவார், பாடவியம் வாசிப்பார், வீணை வாசிப்பார், உடுக்கை கொட்டுவார், கொட்டிமத்தளம் முழக்குவார், முத்திரைச் சங்கு ஊதுவார் என்று ஒரு பெருங்கூட்டமே வருகின்றது. ஆரியம் பாடுவார் ஒரு சாரார். தமிழ் பாடுவார் மற்றொரு சாரார். அவர்கள் வரிசையிலேயே குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர், கணக்கர் ஆகியோரும் தத்தம் பங்கோடு காணப்படுகின்றனர். பாடுவோன் உயர்ந்தவன், பானை வனைபவன் தாழ்ந்தவன் என்று இருவேறு ஏடுகளில் எழுதாமல், ஒரே சுவரில் ஒரே அளவையால் எழுதியிருப்பதை நான் பெரிதாக எண்ணுகின்றேன். பங்கின் அளவில் வேறுபாடு உண்டு. பெயரை எழுதுவதில் வேறுபாடு இல்லை.

இன்னொரு விதியும் அக்கல்வெட்டில் உண்டு. பங்கு பெற்றவர் இறந்தாலும், ஊரைவிட்டு நீங்கினாலும், அவருடைய நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்று அத்தொழிலைச் செய்ய வேண்டும். அவ்வுறவினர்க்குத் தகுதி இல்லையாயின், தகுதியுடைய பிறரைக் கொண்டு செய்விக்க வேண்டும். பிறப்பால் வரும் உரிமையோடு கல்வியால் வரும் தகுதியும் வேண்டும் என்று வைத்த இவ்விதியைச் சிந்தித்துப் பாருங்கள்.

மற்றொரு கல்வெட்டு திருப்பதியம் பாடிய 50 பேரைக் கூறுகின்றது. பாடுவார் 48 பேர், உடுக்கை ஒருவர், கொட்டிமத்தளம் ஒருவர். இவர்களுக்கு நாள்தோறும் தலைக்கு மூன்று குறுணி நெல். பன்னிரண்டு குறுணி ஒரு கலம் ஆதலின், ஆண்டுக்கு ஏறத்தாழ 90 கலம் கிடைத்திருக்கும். இந்த 50 பேரும் ஒரு குழுவாகப் பாடியவர்கள். இக்காலத்தார் 'பேண்டு' என்று கூறுவதைப் போன்ற குழு.

தமிழில் அதற்கு உரிய சொல் மேளம் என்பது. நாதசுரம், தவில், ஒத்து, தாளம் ஆகியன சேர்ந்தது பெரிய மேளம். ஆடலுக்கு உரிய நட்டுவனார், மத்தளக்காரர், முகவீணைக்காரர், துத்திக்காரர் ஆகியோர் சேர்ந்தது சின்ன மேளம். கரகாட்டத்திற்கு நையாண்டி மேளம். மேளம் என்றவுடன் தோல்கருவி ஒன்றையே நினைப்பது பிற்கால வழக்கு. அச்சொல் பலர் கூடி இசைப்பதையே குறித்தது. இலக்கண நூலார் 72 மேளங்கள் என்று கூறும்போது சுரங்கள் கூடி நிற்பதைக் குறிக்கின்றனர். அப்பொருளில் அச்சொல்லை நிலைநாட்டிய சதுர்தண்டிப் பிரகாசிகை என்னும் வடமொழி நூலை வேங்கடமகி எழுதியதும் இத்தஞ்சையிலேயே, 17-ஆம் நூற்றாண்டில், விசயராகவ நாயக்கர் காலத்தில். அவருடைய தந்தையார் கோவிந்த தீட்சிதர் நாயக்க மன்னர்க்கு அமைச்சர். இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகள் நிலையாகப் பதிக்கப்பெற்ற வீணை உருவாயிற்று என்பர். அதுவே இன்றும் தஞ்சாவூர் வீணை என்று வழங்குகின்றது. நாயக்கர் காலத்தைப் பற்றி நூல்கள் பல உள. ஆயினும் அவை அரசரையும் புலவரையுமே பேசுகின்றன. தெருவில் இருந்தவர்களை அவற்றில் காண்பது அரிது. ஆதலின் மராட்டியர் காலத்திற்குச் செல்வோம்.

1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இரண்டாம் சரபோசி மன்னர் நாட்டின் ஆட்சியைக் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். கோட்டையும் நகரமுமே அவருக்கு எஞ்சின. ஆள்வதற்கு நாடில்லாத அரசர் ஏடுகளையும் இசையையும் ஆண்டார். சரசுவதி மகாலின் பெருமையை நீங்கள் அறிவீர்கள். அவர் மேலைநாட்டு வாத்தியங்களைக் கொண்ட குழு ஒன்றையும் தம் அவையில் வைத்திருந்தார் என்பதும், அவர் தொகுத்த மேலைநாட்டு இசைக்குறிப்பு ஏடுகள் அம்மகாலில் உள்ளன என்பதும் பலர் அறியாதவை. அரண்மனைச் செலவுக் கணக்குகள் மோடி என்னும் எழுத்தில் மராத்தி மொழியில் எழுதப்பட்டவை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அவ்வாவணங்களின் தமிழாக்கத்தை வெளியிட்டுள்ளது. பாடகர்க்கும் ஆடுவோர்க்கும் கொடுத்த சம்பளத்தையும் சால்வையையும் அத்தகைய கணக்குகளில் தேடலாம். புகழ்ப்பாடலைக் காட்டிலும் செலவுக் கணக்கை நம்பலாம் என்பது என் கருத்து. கணக்கன் எவரையும் மகிழ்விக்க எழுதுவதில்லை.

மேல ராஜ வீதிக்கு வாருங்கள். அங்கே பங்காரு காமாட்சியம்மன் கோயில் உண்டு. அக்கோயிலின் வழிபாட்டுரிமை உடைய குடும்பத்தில் 1762-இல் பிறந்து 1827-இல் மறைந்தவர் சியாமா சாஸ்திரிகள். அவருடைய இல்லமும் அவ்வீதியிலேயே இருந்தது. அதே வீதியில் மற்றொரு வீடு உண்டு. அது சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நான்கு உடன்பிறந்தாருடைய வீடு. தஞ்சை நால்வர் எனப்படும் இவர்கள் 1802 முதல் 1810 வரையிலான எட்டாண்டு இடைவெளியில் பிறந்தவர்கள். முத்துசாமி தீட்சிதரிடம் பயின்றவர்கள். இன்று உலகின் எந்த மூலையில் பரதநாட்டியம் ஆடப்பெற்றாலும் அலாரிப்பு, சதிசுரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்னும் வரிசை பின்பற்றப்படுகின்றது. அவ்வரிசையை வகுத்தவர்கள் இவ்வீட்டினரே.

நால்வருள் இளையவராகிய வடிவேலு வயலின் வாசிப்பதில் வல்லவர். திருவாங்கூரில் சுவாதித் திருநாள் மன்னரின் அவைக்குச் சென்று, 1834-இல் அம்மன்னரிடம் தந்தத்தால் இழைத்த வயலின் ஒன்றைப் பரிசாகப் பெற்றார். மேலைநாட்டுக் கருவியைத் தென்னாட்டு இசைக்கு உரியதாக ஆக்கிய முதல்வர்களுள் அவர் ஒருவர். மற்றொருவர் தீட்சிதரின் தம்பியாகிய பாலுசாமி தீட்சிதர். வடிவேலு அக்கருவியை ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் கற்றார் என்று சிலர் எழுதுகின்றனர். ஸ்வார்ட்ஸ் மறைந்தது 1798-இல். வடிவேலு பிறந்தது 1810-இல். வரலாறு பயிலும் மாணவர் ஒரு செய்தியைக் கண்டவுடன் ஆண்டுகளை அருகருகே எழுதிப் பார்ப்பது நல்லது.

1855-ஆம் ஆண்டு சிவாசி மன்னர் ஆண் வாரிசு இன்றி மறைந்தார். கும்பினியார் தஞ்சை அரசை முடித்து வைத்தனர். அரண்மனைப் பொருள்கள் பற்றிய வழக்குகளைச் சரித்திர நூல்கள் விரிவாகக் கூறும். அரண்மனையை நம்பி வாழ்ந்த மேளக்காரர் குடும்பங்களைப் பற்றி அவை கூறா. அவர்கள் எங்கே போயினர்? மைசூருக்கும் திருவாங்கூருக்கும் முன்னரே சென்றோர் உண்டு. பின்னர்ப் புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய சமஸ்தானங்களுக்கும் சென்னைப் பட்டணத்திற்கும் பலர் சென்றனர். தஞ்சை அவையில் ஆடிய காமாட்சி என்பாரின் பேர்த்தி சென்னை ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாள். அவருடைய பேர்த்தி 1918-இல் பிறந்து 1984-இல் மறைந்த பாலசரசுவதி. அவருக்கு ஆடல் பயிற்றிய கந்தப்பா பிள்ளை சின்னையாவின் வழிவந்தவர். மேல ராஜ வீதியில் தொடங்கிய கல்வி இவ்வாறு சென்னையில் ஒரு வீட்டுக் கூடத்தில் தொடர்ந்தது. சென்னை இசைக்குப் பெயர் பெற்ற நகரமானது தஞ்சை இழந்ததனாலும் ஆகும் என்று நான் கூறினால் சென்னை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

தஞ்சை முற்றும் வறண்டுவிடவில்லை. தென்காசிக்கு அருகில் 1859-இல் பிறந்து, தஞ்சையில் மருத்துவராகப் புகழ்பெற்ற ஆபிரகாம் பண்டிதர், 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்னும் சங்கத்தை இங்கே நிறுவினார். 1916 வரை ஏழு இசை மாநாடுகளைத் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு நடத்தினார். மருந்து விற்று ஈட்டிய செல்வத்தைச் சுருதி ஆராய்ச்சியில் செலவிட்ட மனிதர் அவர். நாதசுரக்காரரும் வீணை வித்துவான்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து, சுருதிகள் 22 தாமா என்று வாதிட்ட காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். 1917-இல் அவர் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை உடையது. அவர் முடிவுகளை எல்லாம் ஏற்க வேண்டுவதில்லை. அவர் உழைப்பை மறுப்பார் இலர்.

இனி, சற்றுக் கசப்பான செய்தி ஒன்று. கல்வெட்டில் 400 பெயரோடு தொடங்கிய ஆடல் மகளிர் மரபு காலப்போக்கில் இழிவுக்கும் சுரண்டலுக்கும் உள்ளாயிற்று. பெண் மக்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை 1947-ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டம் ஒழித்தது. ஒழிக்க வேண்டியதே. ஆயினும் அவ்வழக்கத்தோடு சேர்த்து அம்மகளிரின் பெயர்களையும் கல்வியையும் மறைத்துவிட்டோம். அவர்களுக்கு ஆட்டுவித்த நட்டுவனார்கள் தொழிலின்றி நின்றனர். கலை மேடையேறிப் பெருமை பெற்றது. அதைக் காத்தவர்கள் தம் பிறப்பைச் சொல்ல நாணி, பெயரை மாற்றி வாழ்ந்தனர். நால்வர் மரபில் வந்த பொன்னையா பிள்ளை 1933-இல் சங்கீத கலாநிதி ஆனார். அவர் மக்கள் கிட்டப்பா பிள்ளையும் சிவானந்தம் பிள்ளையும் தம் முன்னோர் பாடல்களைப் பொன்னையா மணிமாலை என்னும் நூலாக 1961-இல் வெளியிட்டனர். வீட்டில் ஏடு இருந்தமையால் நால்வர் பிழைத்தனர். ஏடில்லாத வீடுகள் எத்தனையோ!

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. காவிரிக் கரைக் கலைஞர்கள் சென்னைக்குச் செல்லாமலே நாடறியப் பாடுவதற்கு அது வாயில் திறந்தது. பாடகர் பெயரோடு வயலின், மிருதங்கம், கடம் ஆகிய பக்கவாத்தியக்காரர் பெயர்களையும் அறிவிப்பாளர் ஒவ்வொன்றாகச் சொல்லும் வழக்கம் எனக்கு இளமை முதலே பிடித்தமானது. தளிச்சேரிக் கல்வெட்டின் முறையும் அதுவே அன்றோ! எனினும் அவ்வறிவிப்பிலும் இடம்பெறாதவர் உண்டு. ஒத்து ஊதுபவரை நினைத்துப் பாருங்கள். நாதசுரக்காரர் மூச்சு வாங்கும்போதும் சுருதி அறாமல் காப்பவர் அவர். பிற்காலத்தில் சுருதிப் பெட்டி வந்து அவர் இடத்தையும் பல மேளங்களில் எடுத்துக்கொண்டது.

கருவி செய்வோர் நிலையும் அதுவே. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை பெரிய பாரி நாதசுரத்தைக் கையாண்டு புகழ்பெற்றதை எல்லாரும் கூறுவர்; ஆச்சா மரத்தில் அதனைக் கடைந்து கொடுத்தவர் நரசிங்கன்பேட்டை ஆசாரியார் என்பதைச் சிலரே கூறுவர். தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரையும் அவர் மாணாக்கர் பாலக்காடு மணி ஐயரையும் அறியாதார் இலர். மணி ஐயரின் மிருதங்கத்துக்குத் தோல் மூட்டிய பர்லாந்து என்பாரை அறிந்தவர் எத்தனை பேர்? அவர் தந்தை செபஸ்தியன். பலாக்கட்டையைத் தேர்ந்து, பசு, ஆடு, எருமைத் தோல்களைப் பதம் பார்த்து, கிட்டக்கல் பொடியைச் சோற்றோடு பிசைந்து வலந்தலையில் அப்பி, நாதம் வரும்வரை தேய்க்கும் தொழில் தலைமுறை தலைமுறையாக அக்குடும்பத்தில் நடந்தது. 2020-இல் இத்தொழிலாளரைப் பற்றி டி. எம். கிருஷ்ணா ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார்.

நான் பணிபுரிந்த ஒரு பள்ளியில், தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதிய மாணவன் ஒருவன் இருந்தான். ஆவணி மாதத் திருவிழா ஒன்றில் அவன் தந்தையார் தவில் வாசிப்பதைக் கண்டேன். கையில் அத்தனை விறுவிறுப்பு. கோர்வை முடியும் இடத்தில் ஊரே நின்றது. மறுநாள் அவனை அழைத்து, "தவில் வித்துவான் மகன் என்று ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன். "பையன்கள் சிரிப்பார்கள், ஐயா" என்றான். அவனிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். அவன் தெருவில் வாசித்தவர், ஆடியவர், கருவி செய்தவர் அனைவரின் பெயரையும், தென்சிறகு வடசிறகு என்று கல்வெட்டில் உள்ளவாறே, வீடு வீடாக எழுதிவரச் சொன்னேன். தனியே போகத் தயங்கியதால் வேறு மூவரையும் உடன் அனுப்பினேன்.

நான்கு சனிக்கிழமைகளில் 63 பெயர்கள் சேர்ந்தன. தவில்காரர் பதினொருவர். கிளாரினெட் வாசித்தவர் இருவர். திருமண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியம் வாசித்தவர் எழுவர். அவர்களுள் ஒருவரின் பாட்டனார் அரண்மனைப் பேண்டில் இருந்தார் என்பது குடும்பத்தார் சொல். கிழவி ஒருத்தி முதலில் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் வாரம் அவளே மாணவர்களை அழைத்து உட்கார வைத்துத் தன் தாயின் பெயரையும் தாயின் தாய் பெயரையும் சொல்லி, இரண்டு பதங்களின் அடிகளை அபிநயத்தோடு காட்டியிருக்கிறாள். ஒத்து ஊதியவர் பெயர்கள் மூன்று கிடைத்தன. மூவரும் அப்போது உயிரோடு இல்லை.

அந்நோட்டு இப்பொழுது அத்தெருவிலேயே, தவில்காரர் வீட்டில் இருக்கின்றது. சென்ற ஆண்டு சென்று பார்த்தபோது கடைசிப் பக்கத்தில், வேறு யாருடைய கையெழுத்திலோ, மேலும் நான்கு பெயர்கள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன.